ஒரு தோற்றம், ஒரு பொருள்: இரவு ஓடுபாதையின் விளக்கமைப்பு

இரவில் விமானம் இறங்கும் ஓடுபாதையில் எரியும் விளக்குகள் அந்தப் பாதைக்கு வெளிச்சம் தருவதற்காக வைக்கப்பட்டவை அல்ல என்பதிலிருந்தே இப்பொருளை அணுக வேண்டும். தெருவிளக்கு தெருவைக் காட்டுகிறது. மேடைவிளக்கு மேடையில் நிற்பவரைக் காட்டுகிறது. இரண்டிலும் விளக்கு ஒதுங்கி நின்று வேறொன்றைக் கண்ணுக்குத் தருகிறது. ஓடுபாதை விளக்கோ தன்னைச் சுற்றியுள்ள தரையைப் பெரும்பாலும் இருட்டிலேயே விட்டுவிட்டு, தன் ஒளியைக் குறுகிய கற்றையாகத் திரட்டி, வந்துகொண்டிருக்கும் விமானியின் கண்ணை நோக்கி அனுப்புகிறது. அவர் காண்பது ஒளியூட்டப்பட்ட பாதையை அன்று, இருட்டில் மிதக்கும் புள்ளிகளை. அந்தப் புள்ளிகளின் நிறம், இடைவெளி, வரிசை, சாய்வு ஆகியவற்றைக் கொண்டே விமானம் பாதைக்கு நேராக வருகிறதா, இறக்கை சாய்ந்திருக்கிறதா, உயரம் மிகுதியா குறைவா, இன்னும் எவ்வளவு தொலைவு என்பவற்றை அவர் சில நொடிகளில் உணர்ந்தாக வேண்டும். ஆகவே இவ்விளக்கமைப்பு ஒளியூட்டும் கலையைவிட எழுத்துமுறைக்கே நெருங்கியது. எழுத்துமுறைக்குரிய முதற் கடமையான, ஒரு தோற்றத்துக்கு ஒரு பொருளே இருக்க வேண்டும் என்பதுதான் இதன் வரலாறு முழுவதையும் நடத்திவந்திருக்கிறது.

தமிழில் கடலோர விளக்குக்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர். கரைதல் என்னும் சொல்லுக்கு அழைத்தல் என்ற பொருள் உண்டாகையால், கலங்களைக் கூவி அழைக்கும் விளக்கு என்பது அதன் பொருள். கடல்விளக்கு அழைப்பதோடு நின்றுகொள்ள முடிந்ததற்குக் காரணம் உண்டு. மரக்கலம் மெதுவாக வந்தது. ஐயம் தோன்றினால் நங்கூரமிட்டு விடியும்வரை காத்திருக்க அதற்கு இயன்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, நீர்ப்பரப்பைவிட்டு ஏறவோ இறங்கவோ முடியாத அதற்குத் திசை ஒன்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். விமானத்துக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அது நிற்க முடியாது, மெதுவாக வரவும் முடியாது, மூன்று பரிமாணங்களிலும் பிழைபட வல்லது. வானூர்திகளின் தொடக்ககாலத்தில் இந்த வேறுபாடு உணரப்படாமல், கடல்விளக்கின் வேலையையே நிலத்திலும் செய்துவிட்டால் போதும் என்று எண்ணப்பட்டது.

அமெரிக்காவில் 1921 பிப்ரவரி 22ஆம் நாள் இரவு ஜாக் நைட் என்னும் அஞ்சல் விமானி நெப்ராஸ்காவிலிருந்து சிகாகோ வரை அஞ்சல் பைகளைக் கொண்டுசென்றபோது, வழியிலிருந்த ஊர்மக்கள் சொக்கப்பனை போல் தீ மூட்டி அவருக்கு வழிகாட்டினர். அதன் பிறகு அந்நாட்டு அஞ்சல் துறை வான்வழி நெடுகச் சுழல்விளக்குகளை நிறுத்தியது. 1930இல் கிளீவ்லாந்து நகர விமான நிலையத்தில் ஓடுபாதைக்கும் அதை நெருங்கும் வழிக்குமான விளக்குகள் பொருத்தப்பட்டன. மற்ற இடங்களில் நெடுங்காலம் பயன்பட்டது, பூவாளி போன்ற தகரக் கலத்தில் மண்ணெண்ணெய் நிரப்பி அதன் மூக்கில் தடித்த திரி செருகிய விளக்கு. வாத்தின் கழுத்தைப் போல் வளைந்திருந்ததால் ஆங்கிலத்தில் கூஸ்நெக் என்று அதற்குப் பெயர் வந்தது. ஒருவர் வண்டியில் சென்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். காற்று திசை மாறினால் அத்தனையையும் எடுத்து வேறு வரிசையில் வைக்க வேண்டும். இந்தியாவில் 1949 ஜனவரியில் தொடங்கிய இரவு விமான அஞ்சல் சேவையில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்து டகோட்டா விமானங்கள் புறப்பட்டு, நள்ளிரவில் நாகபுரியில் கூடி, பைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பின. மாலையில் சென்னையில் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாளே டெல்லியில் கிடைத்த அந்த வியப்பை நினைவுகூர்வோர், நாகபுரியின் இருட்டில் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி எழும்புவதற்காகக் கண்விழித்திருந்த தரைப்பணியாளரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் இரவுப் பறத்தலைப் பெருக்கியதோடு அதற்கு முரணான ஒரு தேவையையும் கொண்டுவந்தது: தரைவிளக்கு தன் விமானிக்குத் தெரிய வேண்டும், மேலே சுற்றும் பகைவருக்குத் தெரியக் கூடாது. ஸ்காட்லாந்தின் டிரெம் தளத்தில் மூடியிட்டு ஒரு திசையிலிருந்து மட்டுமே தெரியுமாறு அமைத்த விளக்குகள் இத்தேவையிலிருந்து பிறந்தன. ஒளியைக் கற்றையாக்கிக் குறித்த கோணத்துக்கு அனுப்பும் இன்றைய வழக்கத்தின் வேர்களுள் ஒன்று அங்கே உள்ளது. மூடுபனியை வெல்ல ஓடுபாதையின் இருமருங்கும் குழாய்களில் பெட்ரோலைச் செலுத்தி எரித்து, அந்த வெப்பத்தால் பனியைக் கரைக்கும் முறையும் பிரிட்டனில் கையாளப்பட்டது. பல வானூர்திக் குழுக்களின் உயிரைக் காத்த அந்த முறை, எரிபொருளைக் கணக்கின்றி விழுங்கியதால் போருக்குப் பின் கைவிடப்பட்டது.

விளக்கு எவ்வளவு நேரம் பேச முடியும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே அடுத்த பகுதி விளங்கும். பயணிகள் ஜெட் விமானம் இறங்குகையில் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில், தரையோடு 3 பாகைக் கோணம் கொண்ட ஒரு கற்பனைச் சரிவில் வருகிறது. ஐ.எல்.எஸ். எனப்படும் வானொலிக் கற்றை அமைப்பு அதை மேகத்தினூடே நடத்திவருகிறது. அதன் முதல் தரத்தில் 60 மீட்டர் உயரம் வந்ததும் விமானி வெளியே பார்த்து, விளக்குகள் தெரிந்தால் தொடரவும் தெரியாவிட்டால் மேலெழும்பவும் வேண்டும். அந்த உயரத்துக்கு முடிவுயரம் என்று பெயர் சொல்லலாம். ஓடுபாதையின் தொடக்கமான தலைவாசலைச் சரிவு 15 மீட்டர் உயரத்தில் கடக்கிறது என்று கொண்டால், முடிவுயரத்தில் விமானம் தலைவாசலுக்கு ஏறத்தாழ 860 மீட்டர் முன்னால் இருக்கிறது. கடக்க எஞ்சியிருப்பது 12 நொடி. விமானத்தின் மூக்கு கீழ்ப்பார்வையை மறைப்பதால் கண்ணுக்கு நேர்கீழிலிருந்து முன்னோக்கி 220 மீட்டர் அளவுக்குத் தரை தெரிவதில்லை. பனிமூட்டத்தில் 550 மீட்டருக்கு அப்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. ஆக, நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு தரைத்துண்டில், 330 மீட்டர் அளவில், 30 மீட்டருக்கு ஒன்றாக ஏறத்தாழ 11 விளக்கு வரிசைகளே அவர் கண்ணில் படுகின்றன. தலைவாசலுக்கு முன்னே 900 மீட்டர் தொலைவுக்கு விளக்குகளை நட்டுவைக்கும் மரபு ஏன் வந்தது என்பதற்கு இந்தக் கணக்கே விடை. அவற்றை அணுகுவிளக்குகள் எனலாம்; ஓடுபாதையைச் சென்றடையுமுன்பே பேசத் தொடங்குவதால் முழு அமைப்பிலும் அவையே முதன்மையானவை.

அணுகுவிளக்குகளை எந்த வடிவில் நடுவது என்பது 1940களில் கடுமையாக விவாதிக்கப்பட்ட கேள்வி. இருபுறமும் விரிந்து குவியும் புனல் வடிவை விரும்பியவர் உண்டு. இடப்பக்கம் ஒற்றை வரிசை போதும் என்றவரும் உண்டு. பிரிட்டனில் ஃபார்ன்பரோவிலிருந்த அரச வானூர்தி ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய இ. எஸ். கால்வர்ட், எது அதிக வெளிச்சமானது என்று கேட்காமல் எது விமானியின் கண்ணில் என்ன உருவமாக விழுகிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியே திருப்புமுனை. இருட்டில் முன்னே ஓடும் ஒற்றை விளக்கு வரிசையைக் கருதலாம். விமானம் அவ்வரிசைக்கு நேர்மேலே, இறக்கை சமமாக இருக்கையில் வரிசை கண்ணாடியில் செங்குத்துக் கோடாகத் தெரியும். விமானம் வலப்பக்கம் விலகினால் கோடு சாய்ந்து தெரியும். விலகாமல் நேர்மேலேயே இருந்து இறக்கை மட்டும் ஒருபுறம் தாழ்ந்தாலும் கோடு சாய்ந்தே தெரியும். ஒரே தோற்றம், இரண்டு பொருள். தமிழ் இலக்கண நூலோர் மயக்கம் என்று கூறும் நிலைக்கு இது ஒப்பானது; ஆனால் உரையில் மயக்கம் நேர்ந்தால் முன்பின் சொற்களைக் கொண்டு பொருளைத் தெளியலாம். 60 மீட்டர் உயரத்தில், தொடுவானம் தெரியாத இருட்டில், விலகலைத் திருத்துவதாக எண்ணி ஏற்கெனவே தாழ்ந்த இறக்கையை விமானி மேலும் தாழ்த்திவிட்டால் தெளிவதற்கு நேரம் இராது.

கால்வர்ட் தந்த தீர்வு எளியது. எளிமையே அதன் பெருமை. நடுக்கோட்டு வரிசைக்குக் குறுக்கே, 150 மீட்டருக்கு ஒன்றாக, ஐந்து விளக்குப் பட்டைகளை அவர் அமைத்தார். விமானம் பக்கவாட்டில் விலகியிருந்தால் நடுக்கோடு சாயும், ஆனால் குறுக்குப்பட்டை கிடையாகவே இருக்கும். இறக்கை சாய்ந்திருந்தால் பட்டையும் உடன் சாயும். இருள் மறைத்துவிட்ட தொடுவானத்தைத் தரையில் ஐந்து துண்டுகளாக மீண்டும் வரைந்து வைத்ததற்கு இது சமம். அத்தோடு அவர் நிற்கவில்லை. தலைவாசலை நெருங்க நெருங்கப் பட்டைகளின் அகலம் குறைந்துகொண்டே வரும். அவற்றின் முனைகளைத் தொட்டுச் செல்லும் கோடுகளை நீட்டினால் அவை ஓடுபாதைக்குள் 300 மீட்டர் தொலைவில், சக்கரம் தரை தொட வேண்டிய பகுதியில், சந்திக்கும். நடுக்கோட்டிலும் தொலைவு எழுதப்பட்டிருக்கிறது: வெளிப்புற 300 மீட்டரில் ஒவ்வோர் இடத்திலும் மூன்று விளக்குகள், நடு 300 மீட்டரில் இரண்டு, உட்புற 300 மீட்டரில் ஒன்று. எண்ணிப் பார்க்க விமானிக்கு நேரமில்லை. மூன்று இரண்டாகி இரண்டு ஒன்றாகும்போது கோடு மெலிவதைக் கண் தானே உணர்ந்துகொள்கிறது. அறிவால் படிக்க வேண்டாத, உணர்வால் பிடிபடும் எழுத்து இது. இரவில் விமானமேறிப் பாதுகாப்பாக இறங்கிய கோடிக்கணக்கானோர் கால்வர்ட்டின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்பது வருந்தத்தக்கது. ஒளிவிளக்கின் வரலாற்றில் எடிசனுக்கு அடுத்து நினைக்கத்தக்க சிலருள் அவரும் ஒருவர் எனலாம்.

அணுகுவிளக்குகள் விமான நிலையத்தின் வேலிக்குள் அடங்குவன அல்ல. அவை ஆற்றுக்குள்ளும் கடலுக்குள்ளும் குடியிருப்புகளுக்கு இடையிலும் நடப்படுகின்றன. பெர்லினின் டெம்பெல்ஹோஃப் நிலையத்தில் அவற்றின் கம்பங்கள் கல்லறைத் தோட்டமொன்றின் நடுவே நின்றன. வழியில் நிற்கும் பொருள் என்பதால் அவையே ஆபத்தாகிவிடக் கூடாது என்பதும் விதி. 1971 ஜூலை 30 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து எழும்பிய பான் ஆம் போயிங் 747 போதிய உயரம் பெறாமல் ஓடுபாதை முனையிலிருந்த அணுகுவிளக்குச் சட்டகத்தில் மோதியபோது, எஃகுத் துண்டுகள் பயணிகள் அறைக்குள் பாய்ந்து சிலரைப் படுகாயப்படுத்தின. இன்று இக்கம்பங்கள், காற்றுக்கு அசையாமல் நிற்கும் ஆனால் விமானம் பட்டால் எளிதில் முறிந்து விலகும் வகையில் செய்யப்படுகின்றன.

திசையும் சாய்வும் தீர்ந்தாலும் உயரம் தீரவில்லை. மனிதக் கண் இரவில் மிகவும் ஏமாறுவது இதில்தான். கடலுக்கு மேலாகவோ ஊரற்ற பொட்டல் நிலத்துக்கு மேலாகவோ வந்து இறங்கும்போது, ஓடுபாதை விளக்குகளுக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு புள்ளி வெளிச்சமும் இராது. விமானிகள் இதைக் கருந்துளை என்று அழைக்கின்றனர். போயிங் நிறுவனத்தில் கான்ராட் கிராஃப்ட் என்னும் உளவியலாளரும் அவருடைய உடன்பணியாளரும் 1960களில் நடத்திய ஒப்புப்பறத்தல் சோதனைகளில், இருண்ட நிலத்துக்கு அப்பால் ஒளிரும் நகரை நோக்கிக் கண்ணளவில் இறங்கச் சொல்லப்பட்ட தேர்ந்த விமானிகளே தேவைக்கு மேல் தாழ்ந்து பறந்தனர். தொலைவிலுள்ள ஒளித்தொகுதி கண்ணில் ஏற்படுத்தும் கோணம் மாறாமலிருந்தால் சரிவு சரியாக இருக்கிறது என்று மூளை நம்பிவிடுகிறது. அந்தக் கோணத்தை மாறாமல் காக்கும் பாதையோ நேர்ச்சரிவு அன்று, கீழ்நோக்கி வளைந்து தரையை முன்கூட்டியே தொட்டுவிடும் வில். திறமைக் குறைவால் வரும் பிழையாக இருந்தால் பயிற்சியால் நீக்கலாம். கண்ணின் இயல்பிலேயே இருக்கும் பிழைக்கு வெளியிலிருந்துதான் சான்று தர வேண்டும்.

அந்தச் சான்றைத் தருவது பாபி என்று சுருங்க வழங்கப்படும் சரிவுகாட்டி விளக்கு. அதற்கு முன்னோடியான அமைப்புகள் இருந்தபோதிலும், பெட்ஃபோர்டிலிருந்த அதே அரச ஆய்வு நிறுவனத்தின் கிளையில் டோனி ஸ்மித், டேவிட் ஜான்சன் ஆகிய இருவர் 1974 அளவில் வகுத்த இந்த வடிவமே இன்று உலகெங்கும் நிலைத்திருக்கிறது. ஓடுபாதையின் இடப்பக்கத்தில், தொடுபகுதிக்கு அருகே, நான்கு பெட்டிகள் ஒரே வரிசையில் முழங்காலளவு உயரத்தில் நிற்கும். ஒவ்வொரு பெட்டியும் மேற்பாதியில் வெண்மையும் கீழ்ப்பாதியில் சிவப்புமான ஒரே கற்றையை வீசும். பெட்டிக்குப் பெட்டி அந்த எல்லைக்கோட்டின் கோணம் 20 கலை வேறுபடும். ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. 3 பாகைச் சரிவுக்கு ஓடுபாதைக்கு மிக அருகிலுள்ள பெட்டி 3 பாகை 30 கலையிலும், அடுத்தது 3 பாகை 10 கலையிலும், அடுத்தவை 2 பாகை 50 கலையிலும் 2 பாகை 30 கலையிலும் வைக்கப்படும். சரியான சரிவில் வருபவருக்கு இரண்டு வெண்மை, இரண்டு சிவப்பு. சற்றுத் தாழ்ந்தால் மூன்று சிவப்பு. மிகவும் தாழ்ந்தால் நான்கும் சிவப்பு. உயர்ந்தால் வெண்மை கூடிக்கொண்டே போகும். 20 கலை என்பது 5 கிலோமீட்டர் தொலைவில் 29 மீட்டர் உயர வேறுபாடு, 1 கிலோமீட்டரில் 6 மீட்டருக்கும் குறைவு. நெருங்க நெருங்கக் கருவி தானே கூர்மையாகிறது. இத்தனைக்கும் நகரும் உறுப்பு ஒன்றும் அதில் இல்லை. அதன் பகைவன் ஈரம்: கண்ணாடியில் பனித்துளி படிந்தால் சிவப்பும் வெண்மையும் கலந்து, எந்தப் பொருளும் தராத இளஞ்சிவப்பு தெரியும். அதனால்தான் பல இடங்களில் பெட்டியை இதமான சூட்டில் வைத்திருக்கின்றனர்.

தலைவாசலில் பச்சை வரிசை, மறுமுனையில் சிவப்பு வரிசை, இரு விளிம்புகளிலும் 60 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் வெள்ளை விளக்குகள் என்பதே ஓடுபாதையின் அடிப்படைச் சட்டம். கருவி கொண்டு இறங்கும் ஓடுபாதைகளில் விளிம்புவிளக்குகள் கடைசி 600 மீட்டரில் மஞ்சளாகும். மூடுபனிக்கேற்ற உயர்தர ஓடுபாதைகளில் முதல் 900 மீட்டருக்குத் தரையோடு தரையாகப் பதித்த தொடுபகுதி விளக்குகளும், நெடுக மையக்கோட்டு விளக்குகளும் சேரும். மையக்கோட்டு விளக்கின் நிறத்திலும் தொலைவு எழுதப்பட்டிருக்கிறது: முனைக்கு 900 மீட்டர் இருக்கும்வரை வெண்மை, அங்கிருந்து 300 மீட்டர் எஞ்சும்வரை சிவப்பும் வெண்மையும் மாறிமாறி, கடைசி 300 மீட்டரில் சிவப்பு மட்டுமே. மழையில் கண்ணாடி துடைப்பான் திணறும் நேரத்திலும் சக்கரத்துக்கு நேர்முன்னே தெரியும் எச்சரிக்கை இது. 2020 ஆகஸ்ட் 7 அன்று மாலை இருட்டிய பின், மழையில், கோழிக்கோட்டின் மேட்டு ஓடுபாதையில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் 2,700 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ பாதியைக் கடந்த பின்னரே தரை தொட்டு, முனையைத் தாண்டிச் சரிவில் விழுந்ததில் 21 பேர் இறந்தனர். நிலைப்படாத அணுகலைக் கைவிட்டு மேலெழும்பாததே முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. விளக்குகளைக் குற்றவாளியாக்குவது நேர்மையாகாது. எனினும் அந்த ஓடுபாதையில் அன்று மையக்கோட்டு விளக்குகள் இருந்ததில்லை; பின்னர் மேற்பரப்பைப் புதுப்பித்தபோதுதான் அவை பதிக்கப்பட்டன. பாதி தீர்ந்துவிட்டது என்பதைத் தரையே சொல்லும் வசதி எல்லா மேட்டு ஓடுபாதைகளிலும் முன்பே இருந்திருக்க வேண்டும் என்று விரும்புவதில் தவறில்லை.

ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடத்துக்கு விமானம் ஊர்ந்து செல்லும் வழிக்கு டாக்ஸிவே என்று பெயர். ஊர்வழி என்றால் வேறு பொருள் தருமாதலால் நகர்வழி எனலாம். நகர்வழியின் விளிம்பு நீலம், நடுக்கோடு பச்சை. வடிகண்ணாடியின் ஊடே நீல ஒளி மிகச் சிறு பங்கே வெளிவருவதால் நீலவிளக்கு தொலைவுக்குத் தெரியாது; மெதுவாக ஊரும் விமானத்துக்குத் தொலைவு தேவையில்லை, அதோடு வானிலிருந்து பார்ப்பவருக்கு அது ஓடுபாதையாகத் தோன்றிவிடவும் கூடாது. ஒரு நிறத்தின் வலுக்குறைவையே அதன் தகுதியாக்கிய இந்தத் தெரிவு பாராட்டத்தக்கது. ஆயினும் எழுத்து சரியாக இருந்தும் ஒரு பக்கம் கிழிந்துபோனால் வாசிப்பு பிழைபடுவதுண்டு. 2000 அக்டோபர் 31 இரவு, புயல்மழையில், தைபே நிலையத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் 747 தனக்குக் குறித்த ஓடுபாதைக்குச் செல்லாமல் அதற்கு இணையாக, பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்த ஓடுபாதையில் திரும்பி, கட்டுமானக் கருவிகளில் மோதியது. 83 பேர் மாண்டனர். மூடிய பாதைக்குள் வளைந்து சென்ற பச்சை விளக்குகள் நெருக்கமாகவும் பளிச்சென்றும் இருந்தன. நேராகச் சரியான பாதைக்கு இட்டுச்சென்ற பச்சை விளக்குகள் தொலைதொலைவாக இருந்ததோடு அவற்றுள் ஒன்று எரியவில்லை, மற்றொன்று மங்கியிருந்தது. பிழைக்குக் காரணங்கள் பல. ஆனால் அந்த நேரத்தில் கண் எந்தக் கோட்டைப் பின்பற்றும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2017 ஜூலை 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நேரவிருந்தது இதன் மறுபக்கம். இணையான இரண்டு ஓடுபாதைகளுள் இடப்புறத்தது அன்றிரவு மூடப்பட்டு அதன் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. இரண்டு பாதைகளைக் காண எதிர்பார்த்து வந்த ஏர் கனடா விமானிகள், எரிந்துகொண்டிருந்த வலப்புறப் பாதையை இடப்புறத்தது என்று கொண்டு, அதற்கும் வலப்புறம் இருந்த நகர்வழியை ஓடுபாதையாக எடுத்துக்கொண்டனர். அங்கே பயணிகளோடு நான்கு விமானங்கள் வரிசையில் காத்திருந்தன. 60 அடி உயரம்வரை இறங்கிய விமானம் மேலெழும்பித் தப்பியது. அணைந்த விளக்கும் ஒரு செய்திதான், ஆனால் அது இல்லாமையின் செய்தி. இல்லாததைக் கண் தேடிக் காண்பதில்லை, இருப்பதைக் கொண்டு எதிர்பார்ப்பை நிரப்பிக்கொள்கிறது.

மூடுபனியில் விளக்கைப் பன்மடங்கு பிரகாசமாக்கிவிட்டால் போதாதா என்ற கேள்வி இயல்பாக எழும். இதற்கு விடை பிரான்சின் கடல்விளக்குப் பொறியாளர் எமில் அலார் 1876இல் வகுத்த விதியில் இருக்கிறது; வானூர்திக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் உள்ள உறவு இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. ஒளி தொலைவின் இருமடிக்கேற்பக் குறைவதோடு, பனியின் ஊடே செல்லும் ஒவ்வொரு மீட்டரிலும் எஞ்சியதில் ஒரு குறித்த பங்கை இழந்துகொண்டே செல்கிறது என்பது அவ்விதியின் சாரம். தெளிந்த வானில் விளக்கின் வலிமையைப் பத்து மடங்காக்கினால் அது தெரியும் தொலைவு மூன்று மடங்குக்கு மேல் பெருகும். 200 மீட்டருக்கு அப்பால் பொருள்கள் தெரியாத பனியில் கணக்கிட்டால், 1,000 கேண்டெலா விளக்கு இரவில் ஏறத்தாழ 550 மீட்டரிலும் 10,000 கேண்டெலா விளக்கு 680 மீட்டரிலும்தான் கண்ணுக்கு எட்டும். பத்து மடங்கு செலவுக்கு 130 மீட்டர் ஆதாயம். மாறாகத் தெளிந்த இரவில் அந்த வலிமை விமானியின் கண்ணைக் கூசச் செய்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். எனவே வலிமை 100, 30, 10, 3, 1 விழுக்காடு என்ற ஐந்து படிகளில் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து மாற்றப்படுகிறது. பனி கூடக் கூட்டுவதும் தெளியக் குறைப்பதும் கோபுரத்தில் இருப்போரின் அன்றாடக் கடமை. டெல்லியின் டிசம்பர், ஜனவரி மூடுபனியில் 50 மீட்டர் பார்வைத்தொலைவிலும் விமானம் இறங்க முடிகிறதென்றால், அங்கே இறக்குவது தானியங்கிக் கருவி. தரை தொட்ட பிறகு மையக்கோட்டைவிட்டு விலகாமல் ஓடுவதைக் கண்ணுக்கு உறுதிப்படுத்துவதே விளக்கின் பங்கு.

மின்னோட்டம் வரும் வழியிலும் அதே அக்கறை தொடர்கிறது. வீட்டு விளக்குகளைப் போல் பக்க இணைப்பில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு மின்சாரம் கொண்டுசென்றால் தொலைவிலுள்ளவை மங்கிவிடும். வலிமை வேறுபட்டால் தொலைவும் வேறுபட்டதாகக் கண் கொள்ளும். ஆகவே ஓடுபாதை விளக்குகள் தொடரிணைப்பில், எல்லாவற்றிலும் 6.6 ஆம்பியர் என்ற ஒரே மின்னோட்டம் பாயுமாறு அமைக்கப்படுகின்றன. ஒரு விளக்கு எரிந்துபோனால் முழு வரிசையும் அணைந்துவிடாதபடி ஒவ்வொன்றுக்கும் தனி மின்மாற்றி உண்டு. அடுத்தடுத்த விளக்குகள் வெவ்வேறு சுற்றுகளில் சேர்க்கப்படுவதால், ஒரு சுற்று முழுதும் செயலிழந்தாலும் ஒன்றுவிட்டு ஒன்று எரிந்து வரிசையின் உருவம் நிற்கும். மின்தடை ஏற்பட்டால் முதல் தரத்தில் 15 நொடிக்குள் மாற்று மின்சாரம் வர வேண்டும். மூடுபனித் தரங்களில் மையக்கோடு, தொடுபகுதி, அணுகுவிளக்கின் கடைசி 300 மீட்டர் ஆகியவற்றுக்கு ஒரே நொடி. ஜெனரேட்டர் ஒரு நொடியில் எழுந்து ஓடாது என்பதால், பனி சூழ்ந்த நேரங்களில் ஜெனரேட்டரை முன்கூட்டியே ஓடவிட்டு, வாரிய மின்சாரத்தை மாற்றாக நிறுத்திவைக்கும் வழக்கமும் உண்டு.

பதித்த விளக்குகளைக் காப்பது இவை எல்லாவற்றிலும் கடினமான உழைப்பு. தரை தொடும் சக்கரங்கள் ஒவ்வொரு முறையும் உருகிய ரப்பரை விட்டுச்செல்கின்றன. கருமையான அந்தப் பூச்சு தொடுபகுதி விளக்கின் சிறு கண்ணாடிச் சாளரத்தை மூடிக்கொண்டே வரும். நூற்றுக்கணக்கான டன் எடை உருண்டு செல்வதால் திருகாணிகள் தளரும்; அவற்றைக் குறித்த முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும், குறைந்தால் விளக்கு பெயரும், மிகுந்தால் ஆணி முறியும். எரிந்துகொண்டிருந்தாலும் வலிமை பாதிக்குக் கீழே இறங்கிய விளக்கு அணைந்ததாகவே கணக்கிடப்படுகிறது. கண்ணளவில் அது தெரியாதென்பதால் ஒளியளவி பொருத்திய வண்டியை வரிசைமீது ஓட்டி ஒவ்வொன்றையும் அளக்கின்றனர். மூடுபனித் தர ஓடுபாதையில் மையக்கோட்டு விளக்குகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எரிய வேண்டும் என்பது பன்னாட்டு நெறி. இதனோடு மற்றொரு விதியும் சேர்ந்திருக்கிறது: அடுத்தடுத்த இரண்டு விளக்குகள் ஒருசேர அணைந்திருக்கக் கூடாது. விடியுமுன் கடைசி விமானத்துக்கும் முதல் விமானத்துக்கும் இடையே கிடைக்கும் குறுகிய பொழுதில், குறிப்பேட்டில் அணைந்த விளக்கின் எண்ணை எழுதும் மின்பணியாளர் முதலில் அதன் இரு பக்கத்து எண்களையும் பார்ப்பது இதனால்தான். அவை எரிந்தால் வேலையை மறுநாள் இரவுக்குத் தள்ளலாம். அவற்றுள் ஒன்றும் இருண்டிருந்தால், ஓடுபாதையைக் கோபுரத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கேயே மண்டியிட்டு மூடியைக் கழற்ற வேண்டும்.